முதுநிலைப் படைப்புத் திட்டம்: முழு நாவலா, நாவலின் பகுதியா, கதைத் தொகுப்பா, படப்புத்தகமா?

படைப்பெழுத்து, சிறார் இலக்கிய முதுநிலைப் படிப்புகளில் வகுப்புகள் முடிந்ததும் மிச்சமிருப்பது ஒரே ஒரு பெரிய வேலை, இறுதித் திட்டம். அதற்கு ஒரு பக்க முன்மொழிவு கேட்கும் வாரத்தில்தான் பலருக்குக் கை ஓடாமல் போகிறது. எழுத விஷயம் இருக்கும். அதை நாவலாக எழுதுவதா, கதைகளாகக் கொடுப்பதா, படப்புத்தகம் செய்வதா, பேசாமல் திறனாய்வுப் பக்கம் போய்விடுவதா என்பதில்தான் குழப்பம்.

"எனக்கு எந்தப் புத்தகம் எழுத ஆசை?" என்று கேட்டுக்கொண்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். ஆசை வேண்டியதுதான். ஆனால் மதிப்பீட்டாளர் கைக்குப் போவது திருத்தி முடித்த பக்கங்கள் மட்டும். ஆகவே, கெடுவுக்குள் எதை மூன்று முறை திருப்பி எழுத முடியும் என்று கேளுங்கள். எதை ஒரு முறை எழுதி முடிக்க முடியும் என்ற கேள்விக்கு வரும் விடை பெரும்பாலும் வேறாக இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது?

சொல் வரம்பும் கால அளவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இங்கே கணக்குக்காக 15,000 சொல் படைப்பு, அதை ஏன் இப்படி எழுதினோம் என்று சொல்லும் 4,000 சொல் விளக்கவுரை, 26 வாரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அளவுகோல் முழுமை. அந்த வரம்புக்குள் தொடக்கமும் நடுவும் முடிவும் அடங்குமா? இரண்டாவது, திருத்தச் சுற்றுகள். மூன்றாவது, எழுதியதிலிருந்து விளக்கவுரைக்கு ஒரு கேள்வி தானாகக் கிளம்புமா, வலிந்து தேட வேண்டுமா? நான்காவது, ஓவியர், அனுமதிக் குழு, பள்ளி என்று அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்குமா? கடைசியாக, சமர்ப்பித்த பிறகு அந்தப் பிரதியை எங்காவது அனுப்ப முடியுமா? கடைசி அளவுகோலுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனாலும் பலர் அதற்காகத்தான் படிக்க வந்திருப்பார்கள்.

இவற்றில் இரண்டாவதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 500 புதுச் சொல் என்பது வேலைக்கும் போய்க்கொண்டு படிப்பவர் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். அந்தக் கணக்கில் 15,000 சொல்லுக்கு முதல் வரைவு எட்டு வாரம். பிரதியைத் தொடாமல் ஊறப்போட இரண்டு. இரண்டாம் வரைவுக்கு ஐந்து. நெறியாளர் படித்துக் குறிப்பு தர இரண்டு. மூன்றாம் வரைவுக்கு நான்கு. விளக்கவுரைக்கு மூன்று. பிழைதிருத்தம், பக்க அமைப்பு, படிவங்கள் இரண்டு. கூட்டிப் பாருங்கள், 26. ஒரு வாரக் காய்ச்சலுக்குக்கூட இடமில்லை. காய்ச்சல் வந்தால் விளக்கவுரையின் மூன்று வாரத்தில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள். படிப்பவருக்கு அது தெரிந்தும்விடுகிறது.

வடிவத்துக்கு முன்னால் முடிவாக வேண்டியது வாசகரின் வயது. சிறார் இலக்கியத்தில் வயதுதான் நீளத்தைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலப் பதிப்புலகில் புழங்கும் தோராய அளவுகள் இவை: படப்புத்தகம் 500 சொல்லுக்குள், தானாக வாசிக்கத் தொடங்கிய 6–9 வயதினருக்கு 5,000 முதல் 15,000, 9–12 வயதினருக்கு 30,000 முதல் 50,000, பதின்ம வயதினருக்கு 50,000-க்கு மேல். 15,000 என்ற வரம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முழு நாவல் எந்த வயதுக்கு அடங்கும், எந்த வயதுக்கு அடங்காது என்பது உடனே தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. "போய்க்கொண்டிருந்தாள்" என்பது கணினியின் கணக்கில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல மூன்று சொல் ஆகும். உருபுகளும் துணைவினைகளும் ஒட்டிக்கொள்வதால், ஒரே சொல் எண்ணிக்கையில் தமிழ்ப் பிரதி ஆங்கிலப் பிரதியைவிடக் கூடுதல் கதையைத் தாங்கும். ஆங்கிலத்துக்கு வகுத்த வரம்பைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் வேலை கூடிவிடும். "போய்க் கொண்டிருந்தாள்" என்று பிரித்தால் அதுவே இரண்டு சொல். சேர்த்தா, பிரித்தா என்பதை முதல் வாரமே முடிவுசெய்து கடைசிவரை மாறாமல் இருங்கள். கெடுவுக்கு முந்தைய இரவு 400 சொல் கூடிப்போய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

| | முழுச் சிறு நாவல் | நாவலின் பகுதி | கதைத் தொகுப்பு | படப்புத்தக உரைகள் | திறனாய்வு |
|---|---|---|---|---|---|
| வரம்புக்குள் முழுமை | 6–9 வயதுக்கு உண்டு | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| மூன்று வரைவு | இழுபறி | முழு வரைவு கையில் இருந்தால் எளிது | எளிது | எளிது, பத்துக்கு மேலும் போகும் | நடுத்தரம் |
| விளக்கவுரைக் கேள்வி | தானாக வரும் | தேட வேண்டும் | நடுத்தரம் | தானாக வரும் | தனி உரை தேவையில்லை |
| பிறர் சார்பு | குறைவு | குறைவு | குறைவு | அதிகமாகலாம் | நூலகம், அனுமதி |
| பின்னால் பயன் | நேரடி | முழு நாவலை முடித்தால் | தனித்தனிக் கதையாக | உரையாக அனுப்பலாம் | மேலாய்வு, கற்பித்தல் |

## முழுச் சிறு நாவல்

15,000 சொல்லில் முழு நாவல் என்றால் அது ஏழு முதல் ஒன்பது வயது வாசகருக்கானது. பத்துப் பன்னிரண்டு அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,200–1,500 சொல். ஒரு முக்கியக் கதையோட்டம், மிஞ்சினால் ஒரு கிளைக்கதை. பேசும் பாத்திரங்கள் நான்கைந்து. கதை நடக்கும் காலம் சில நாள்களிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் இருந்தால் நல்லது.

இதில் அடிக்கடி நடக்கும் விபத்து, பன்னிரண்டு வயதுக்கான கதைக்கருவை இந்த அளவுக்குள் அமுக்குவது. அறிகுறியைக் கண்டுபிடிப்பது சுலபம். "அடுத்த சில வாரங்களில் அவள் நிறையக் கற்றுக்கொண்டாள்" போன்ற வாக்கியங்கள் தலைகாட்டத் தொடங்கும். காட்சி இருக்க வேண்டிய இடத்தில் கதைச்சுருக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்மொழிவுக்கு முன்பே சோதித்துவிடலாம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் என்ன நடக்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரிக்குள் இரண்டு "பிறகு" வந்தால் அது இரண்டு அத்தியாயம். பன்னிரண்டு இருபதாகிவிட்டால் கரு பெரிது என்று பொருள்.

அடுத்தது, சிக்கலைப் பெரியவர்கள் தீர்த்துவைப்பது. கடைசி மூன்று அத்தியாயங்களை எடுத்து, கதையைத் திருப்பும் ஒவ்வொரு முடிவையும் யார் எடுக்கிறார்கள் என்று ஓரத்தில் பெயர் எழுதிப் பாருங்கள். அம்மா, ஆசிரியர், தாத்தா என்று பெயர்கள் நிறைந்தால், பிள்ளை தன் கதையிலேயே பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறது. நாயகப் பிள்ளையின் வயதையும் இதோடு சரிபாருங்கள். தங்களைவிட ஓரிரு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கப் பிள்ளைகளுக்கு விருப்பம் அதிகம். எட்டு வயது வாசகருக்கு ஒன்பது, பத்து வயது நாயகி பொருந்துவாள். ஆறு வயதுக்காரி பொருந்தமாட்டாள்.

மறைந்திருக்கும் செலவு, சங்கிலி விளைவு. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சாவி தொலைவதற்குப் பதில் திருடு போவதாக மாற்றினால் நான்கிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாமே மாறும். மூன்றாம் வரைவு வரி மெருகேற்றுவதற்கானது என்ற கணக்கு நாவலில் செல்லாது. அந்த நான்கு வாரத்தில் இரண்டு வாரத்தைத் தையலைச் சரிசெய்யவே ஒதுக்க வேண்டியிருக்கும்.

நெறியாளர் எவ்வளவு படிப்பார் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சந்திப்பு இத்தனை, படித்துத் தரும் சொல் இத்தனை என்று பல இடங்களில் வரம்பு உண்டு. அவர் 6,000 சொல்தான் படிப்பார் என்றால் எல்லோரும் முதல் ஐந்து அத்தியாயத்தை அனுப்புகிறார்கள். விளைவு, பளபளக்கும் தொடக்கமும் யார் கண்ணும் படாத நடுப்பகுதியும். முதல் அத்தியாயம், ஒரு பக்கச் சுருக்கம், பிறகு ஆறாவது முதல் எட்டாவது வரை, கடைசியாக முடிவு என்று அனுப்புவது மேல். நாவல்கள் பெரும்பாலும் நடுவில்தான் தொய்கின்றன.

கதைக்கரு சின்னதாகவும், முடிவு முன்கூட்டியே தெரிந்ததாகவும், வாசகர் வயது தெளிவாகவும் இருப்பவருக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை. முடிவு தெரியாமல் எழுதிக்கொண்டே கண்டுபிடிப்பவர் இதை எடுத்தால் 26 வாரம் போதாது.

## நாவலின் பகுதி

ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான நாவல் என்றால் முழுவதும் அடங்காது. ஒரு பகுதியைத்தான் கொடுக்க முடியும். முதல் மூன்று அத்தியாயமும் கதைச்சுருக்கமும் பதிப்பாளர்களும் முகவர்களும் வழக்கமாகக் கேட்பவைதான் என்பதால் பலருக்கு இது இயல்பான வழியாகத் தெரிகிறது.

ஆனால் முடிவை எழுதாமல் தொடக்கத்தைச் சரிசெய்ய முடியாது. கடைசி அத்தியாயம் வந்த பிறகுதான் முதல் அத்தியாயத்தில் எது வேண்டாம் என்று தெரியும். முழு வரைவும் இல்லாமல் முதல் 15,000 சொல்லை மட்டும் ஆறு மாதம் மெருகேற்றுபவர், பிறகு நாவலை முடிக்கும்போது அதில் பாதியை வெட்டுவார். மதிப்பெண் வாங்கிவிட்ட பக்கங்களை வெட்ட மனசு வராது என்பது அதைவிடப் பெரிய தொல்லை. நாவல் அங்கேயே நின்றுவிடும்.

மதிப்பீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்கப் பகுதியில் அறிமுகங்கள்தான் அதிகம். எழுதுபவரின் உண்மையான திறமை தெரியக்கூடிய மோதலும் விளைவும் 15,000-க்கு அப்பால் இருக்கும். கதைச்சுருக்கத்தில் "பிறகு பெரிய திருப்பம் வருகிறது" என்று எழுதினால் அதற்கு மதிப்பெண் தரமுடியாது. விதிகள் அனுமதித்தால் தொடர்ச்சியான தொடக்கத்துக்குப் பதிலாகத் தொடக்கம் 6,000, நடு 5,000, முடிவுக்கு முந்தைய பகுதி 4,000 என்று மூன்று துண்டாகக் கொடுக்கலாம். துண்டுகளுக்கு இடையில் நூறு சொல்லில் இணைப்புக் குறிப்பு வைத்தால் படிப்பவர் வழிதவறமாட்டார். அந்தக் குறிப்புகள் வரம்பில் சேருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முழு முதல் வரைவு ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு மட்டும் இது சிறந்த வழி. அவருக்கு 26 வாரமும் திருத்தத்துக்கே கிடைக்கிறது. வெறும் கருவோடு வருபவருக்கு, இருக்கும் வழிகளில் இதுதான் ஆபத்தானது.

## கதைத் தொகுப்பு

ஐந்தாறு கதை, ஒவ்வொன்றும் 2,500–3,000 சொல். ஒரு கதை சொதப்பினால் அதைத் தூக்கிவிட்டு வேறொன்று எழுதலாம், மற்றவை தப்பிக்கும். பயிலரங்கில் ஒரே அமர்வில் முழுக் கதையைப் படித்துப் பேச முடியும். நெறியாளரின் வரம்புக்குள்ளும் எல்லாம் அடங்கும். வேலை, குடும்பம் என்று இடைவெளி விட்டு விட்டு எழுதுபவர்களுக்கு ஏற்றது, ஏனென்றால் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினாலும் நூலறுந்து போயிருக்காது.

ஆறு கதை என்றால் ஆறு தொடக்கம், ஆறு முடிவு. 15,000 சொல் நாவலைவிட மூளைச் செலவு அதிகம். மூன்றாவது கதைக்குப் பிறகு ஒரே மாதிரி முடிக்கத் தொடங்குவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நேர்வது. ஆறு கதைகளின் கடைசி வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். நான்கில் பிள்ளை வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் நோய் தெரிந்துவிடும். முதல் வரிகளுக்கும் அதே சோதனை.

சிறார் கதைகளில் கூடுதலாக ஒன்று, வயது நழுவுவது. முதல் கதை ஆறு வயதுக்கும் ஐந்தாவது பன்னிரண்டு வயதுக்கும் போய்விட்டால் அது தொகுப்பாக நிற்காது. ஒரே தெரு, ஒரே வகுப்பறை, கைமாறிக்கொண்டே போகும் ஒரே பொருள் என்று ஏதாவது ஒன்றால் கதைகளைக் கட்டிவைத்தால் வயதும் தொனியும் தானாகக் கட்டுக்குள் வரும். இப்படிப் பிணைந்த கதைகளைத்தான், எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கத் தோன்றுகிறது. நாவலின் ஒருமையும் தொகுப்பின் பாதுகாப்பும் ஓரளவு சேர்ந்தே கிடைக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. பருவத் தேர்வுகளுக்காக எழுதி மதிப்பெண் வாங்கிய கதையை இதில் சேர்க்கலாமா? பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. ஒரே வேலைக்கு இரண்டு முறை மதிப்பெண் வாங்குவதாகக் கருதி, தன் எழுத்தைத் தானே திருடிய குற்றமாகப் பதிவுசெய்வார்கள். கையில் ஏற்கெனவே நான்கு கதை இருக்கிறதே என்று தொகுப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் கையேட்டில் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கவேண்டும்.

## படப்புத்தக உரைகள்

"சொல் குறைவு, சீக்கிரம் முடியும்" என்று இதை எடுப்பவர்கள் உண்டு. சீக்கிரம் முடிவது முதல் வரைவு மட்டும்.

வழக்கமான படப்புத்தகம் 32 பக்கம். அச்சில் பெரிய தாளை மடித்து 8, 16 பக்கங்களாக வெட்டுவதால் வந்த எண் அது. முதல் மூன்று பக்கம் தலைப்புக்கும் பதிப்புரிமைக் குறிப்புக்கும் போனால், 4–5 தொடங்கி 30–31 வரை 14 இரட்டைப் பக்கமும், கடைசியில் ஒற்றையாக 32-ஆம் பக்கமும் கதைக்குக் கிடைக்கும். எட்டு ஏ4 தாளைச் சேர்த்து நடுவில் மடித்தால் 32 பக்க மாதிரிப் புத்தகம் தயார். உரையை வெட்டி அதில் ஒட்டிப் பார்க்காமல் எந்த வரைவையும் முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். திரையில் சரளமாக ஓடும் உரை, ஒட்டும்போது ஐந்தாவது இரட்டைப் பக்கத்தில் ஒன்றுமே நடக்காமல் வெறிச்சென்று கிடக்கும்.

வரைவுகள் எப்படிச் சுருங்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

"மழையில் தொப்பலாக நனைந்த பழுப்பு நாய்க்குட்டி, பூட்டிய கதவின் முன்னால் இரண்டாவது படியில் சோகமாகச் சுருண்டு படுத்திருந்தது. யாராவது கதவைத் திறக்க மாட்டார்களா என்று அது ஏங்கியது."

இருபது சொல். மழை, பழுப்பு நிறம், பூட்டு, படி, சுருண்டு கிடப்பது எல்லாம் படத்தில் இருக்கும். ஏக்கத்தை நாயின் கண் சொல்லிவிடும். படத்தால் சொல்ல முடியாதது எது? நேற்றும் முந்தாநாளும் அது அங்கேயே காத்திருந்தது என்பது. ஆகவே மிஞ்சுவது:

"இன்றும் கதவு திறக்கவில்லை."

மூன்று சொல். அந்த "உம்" மட்டும் போதும், கடந்துபோன நாள்கள் எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. இந்த வரியை வலப்பக்கத்தின் அடியில் வைத்தால், பிள்ளை தாளைப் புரட்டுவதே கதவைத் திறப்பதாக ஆகிவிடும். அடுத்த இரட்டைப் பக்கத்துக்குச் சொல்லே வேண்டாம். இருபதிலிருந்து மூன்றுக்கு வர ஏழெட்டு வரைவு ஆகலாம். மூன்று புத்தகத்துக்கு 14 இரட்டைப் பக்கம் வீதம் இதைச் செய்ய வேண்டும் என்று கணக்கிட்டால், சொல் குறைவு என்ற ஆறுதல் கரைந்துவிடும்.

இங்கே முதல் இடர் எண்ணிக்கை. 400 சொல் வீதம் மூன்று உரை என்றால் மொத்தமே 1,200. 15,000-க்கு அது ஈடாகுமா? சில நிறுவனங்கள் படப்புத்தகத்துக்குத் தனி ஈட்டுக்கணக்கு வைத்திருக்கும். சில இடங்களில் விளக்கவுரையின் நீளத்தைக் கூட்டச் சொல்வார்கள். சில இடங்களில் விதியே இருக்காது. நெறியாளர் வாய்மொழியாகச் "சரி" என்றது இரண்டாம் மதிப்பீட்டாளரைக் கட்டுப்படுத்தாது. மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இடர் படங்கள். மதிப்பெண் உரைக்கு மட்டுமா, படத்துக்கும் சேர்த்தா? உரைக்கு மட்டும் என்றால் நண்பரை வரையச் சொல்லி மூன்று மாதம் காத்திருப்பது வீண். அவர் தாமதித்தால் உங்கள் கெடு தவறும். படங்கள் சுமாராக இருந்தால் அந்தச் சுமார் உரைக்கும் ஒட்டிக்கொள்ளும். வெளியிலும், முதல் புத்தகக்காரர்களின் உரையை வாங்கிப் பதிப்பகமே ஓவியரைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். உரையோடு, படம் இல்லாவிட்டால் தவறாகப் புரியக்கூடிய இடங்களுக்கு மட்டும் ஒரு வரிப் படக்குறிப்பு போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் "இங்கே சிவப்புச் சட்டை போட்ட பெண்" என்று எழுதினால் ஓவியருக்கு இடமில்லாமல் போகும். வரையவும் தெரிந்தவர் என்றால் கதை வேறு. அவர் எல்லாப் பக்கத்துக்கும் கோட்டு மாதிரியும், இரண்டு மூன்று இரட்டைப் பக்கத்துக்கு மட்டும் முடித்த படமும் கொடுக்கலாம்.

எதுகை மோனையோடு எழுத நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சந்தம் கதையை இழுத்துக்கொண்டு போகும். எதுகைக்காக ஒரு யானை நுழையும், பிறகு அதை வெளியேற்ற இரண்டு பக்கம் செலவாகும். முதலில் உரைநடையில் கதை நிற்கிறதா என்று பாருங்கள்.

கவிதைப் பயிற்சி உள்ளவர்களுக்கும், வெட்டுவதில் சுகம் காண்பவர்களுக்கும், சத்தமாக வாசித்துக் காட்டிப் பழகியவர்களுக்கும் இது பொருந்தும். காட்சி வருணனையில்தான் தன் பலம் என்று தெரிந்தவர் இதை விட்டுவிடலாம்.

## திறனாய்வு ஆய்வேடு

சிறார் இலக்கியத் துறைகளில் படைப்புக்குப் பதிலாக இந்த வழியும் திறந்தே இருக்கும். மேலாய்வுக்கோ கற்பித்தலுக்கோ நூலகப் பணிக்கோ போக எண்ணுபவர்களுக்கு இதுதான் நேர்வழி. மூல நூல்கள் இரண்டு மூன்றைத் தாண்டவேண்டாம். "சிறார் நாவல்களில் இயற்கை" என்று தொடங்குவது மூழ்கும். ஒரே எழுத்தாளரின் மூன்று நூல்களில் பிள்ளைகள் தனியாக வெளியே போகும் காட்சிகள் என்று சுருக்கினால் கரை சேரும். படங்களை மேற்கோள் காட்ட உரிமை அனுமதி தேவைப்படலாம். எழுதுவது பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் இங்கே ஓடிவருபவர்களுக்கு ஒன்று: இங்கேயும் எழுதத்தான் வேண்டும்.

## விளக்கவுரை எந்த வடிவத்தில் எளிது?

படைப்பை முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் விளக்கவுரையில் கதைச்சுருக்கம் எழுதுவது மிகப் பரவலான தவறு. "இந்தக் கதை எனக்கு எப்படித் தோன்றியது" என்பதும் மதிப்பெண் தராது. ஒரு முடிவு, அதற்கு இருந்த மாற்று, ஏன் இது, என்ன இழந்தோம். இந்த நான்கையும் சொல்லும் பத்திகளே விளக்கவுரை. தன்மைக் கூற்றில் தொடங்கி இரண்டாம் வரைவில் படர்க்கைக்கு மாறியிருந்தால், இரண்டு வரைவிலிருந்தும் ஒரே பத்தியை அடுத்தடுத்து வைத்து என்ன மாறியது என்று காட்டலாம். அதற்குப் பழைய வரைவு கையில் இருக்க வேண்டும். கோப்பின் மேலேயே எழுதிச் சேமிக்காமல், ஒவ்வொரு வரைவையும் தேதி போட்டுத் தனிக் கோப்பாக வையுங்கள். எழுதிய நாளின் இறுதியில் இரண்டு வரி வேலைக்குறிப்பு எழுதினால், ஆறு மாதம் கழித்து ஞாபகத்தைக் கெஞ்ச வேண்டியிருக்காது.

படப்புத்தகக்காரர்களுக்கு இங்கே வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. சிறார் இலக்கிய ஆய்வாளர்களான மரியா நிக்கோலயேவாவும் கரோல் ஸ்காட்டும் 2001-இல் படமும் சொல்லும் உறவாடும் விதங்களை வகைப்படுத்தினார்கள்: இரண்டும் ஒன்றையே சொல்வது, ஒன்றையொன்று நிரப்புவது, ஒன்று மற்றதை விரிப்பது, இரண்டும் முரண்படுவது. மேலே பார்த்த நாய்க்குட்டியை இந்த வகைப்பாட்டில் வைத்து இரண்டு பக்கம் எழுதலாம்.

நாவல்காரர்களுக்குக் குரல்தான் கேள்வி. 1991-இல் ஆய்வாளர் பார்பரா வால் பிரித்துக் காட்டியது உதவும்: பிள்ளையிடம் மட்டும் பேசும் குரல், பிள்ளையின் தலைக்கு மேலாகப் பெரியவரைப் பார்த்துக் கண்ணடிக்கும் குரல், இருவரிடமும் ஒரே மட்டத்தில் பேசும் குரல். தன் பிரதியில் இரண்டாவது குரல் எங்கெல்லாம் எட்டிப்பார்க்கிறது என்று தேடியவருக்கு விளக்கவுரையும் கிடைக்கும், மூன்றாம் வரைவுக்கான வேலைப் பட்டியலும் கிடைக்கும். பெரியவர் எழுதிப் பிள்ளை படிக்கும் ஏற்றத்தாழ்வைப் பற்றி யோசிப்பவர்கள் சிறார் புனைவு என்பதே சாத்தியமா என்று 1984-இல் திறனாய்வாளர் ஜாக்குலின் ரோஸ் கிளப்பிய விவாதத்தைத் தொடாமல் போகமுடியாது. நாவலின் பகுதியைக் கொடுப்பவருக்குத்தான் தொல்லை. முடிவே எழுதாத நிலையில் அமைப்பைப் பற்றி உறுதியாக எதுவும் வாதிட முடியாது.

## எந்த வடிவத்துக்கும் விலக்கில்லாத செலவுகள்

பிள்ளைகளிடம் படித்துக் காட்டிக் கருத்துக் கேட்டு அதை விளக்கவுரையில் சேர்க்க ஆசை வரும். பதிவுசெய்து மேற்கோள் காட்டினால் அது மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு. நெறிமுறைக் குழுவின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் எல்லாம் வாங்க வாரக்கணக்கில் ஆகும். முன்மொழிவோடு விண்ணப்பிக்காதவர்கள் இந்த யோசனையைக் கைவிடுவது நல்லது. சத்தமாகப் படித்து உங்கள் குரலையே பதிவுசெய்து கேட்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். நாக்கு தடுக்கும் இடம் எல்லாம் திருத்த வேண்டிய இடம்.

முதல் பக்கத்தில் பாட்டு வரி, கவிதை வரி வைப்பவர்கள், பின்னால் புத்தகமாக வரும்போது உரிமையாளர்கள் அதற்குத் தொகை கேட்கக்கூடும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். சில நிறுவனங்கள் இறுதித் திட்டங்களை இணையக் களஞ்சியத்தில் ஏற்றும். அங்கே திறந்து கிடக்கும் பிரதியை ஏற்கெனவே வெளியானதாகப் பதிப்பாளர் கருதக்கூடும். குறிப்பிட்ட காலத்துக்கு மூடிவைக்கக் கேட்கும் படிவம் சமர்ப்பிப்புத் தாள்களோடுதான் இருக்கும், பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எதற்காவது பயன்படுத்தியிருந்தால், பெயர்ப் பட்டியல் கேட்டதாக இருந்தாலும், உங்கள் நிறுவனத்தின் விதிப்படி அறிவித்துவிடுங்கள்.

## இரண்டுக்கு நடுவில் இன்னும் நிற்பவர்களுக்கு

இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மனதில் இருக்கும் இரண்டு வடிவங்களிலும் தலா 1,000 சொல் எழுதுங்கள். படப்புத்தகம் என்றால் ஒரு முழு உரை. தொடக்கத்தை எழுதவேண்டாம், நடுவிலிருந்து ஒரு காட்சியை எடுங்கள். தொடக்கம் எல்லோருக்கும் நன்றாகவே வரும். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ஒரு வாரம் கழித்து இரண்டையும் அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். எந்தத் தாளில் திருத்தக் குறிப்பு அதிகம் விழுகிறதோ அதுதான் உங்கள் வடிவம். "நன்றாக வந்திருக்கிறது" என்று பேனாவை மூடிவைக்கத் தோன்றும் தாளில், அடுத்து என்ன செய்வதென்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை.

முன்மொழிவில் வடிவம், வாசகர் வயது, அத்தியாயம் அல்லது கதை எண்ணிக்கை, ஒவ்வொன்றின் தோராயச் சொல் அளவு ஆகிய நான்கையும் எழுதுங்கள். கூடவே ஆறாவது வாரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் 9,000 சொல் வரவில்லை என்றால் நாவலைப் பிணைந்த கதைகளாகப் பிரித்துவிடலாம். அத்தியாயங்கள் கதைகளாகும், எழுதியது வீணாகாது. பன்னிரண்டாவது வாரத்தில் அதே மாற்றத்தைச் செய்தால் மூன்றாம் வரைவை மறந்துவிட வேண்டியதுதான். மாற்றுவதற்கு முன்பு, திருத்திய முன்மொழிவுப் படிவத்தைக் கொடுக்க வேண்டுமா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.